எட்டேகால் ஃபாஸ்டும் ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஒன்பது கட்டளைகளும்

மும்பையை அடுத்த டோம்பிவ்லி கிழக்கிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 46. தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பம். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறார். கணவருக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை. மாதத்தில் இரண்டு வாரம் இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் வீடு வந்து சேர இரவு 11 ஆகிவிடும். ஒரே மகள் போன ஜூலையில் புனேயில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் 78 வயது மாமியார்.

மனசு சரியில்லை என்று புத்தாண்டில் ஒரு யூடியூப் சேனலைப் பார்த்து ஒன்பது பழக்கங்களை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். 4.45க்கு எழுந்திருப்பது, எலுமிச்சை வெந்நீர், 20 நிமிடத் தியானம், நன்றி நோட்டு, பச்சைத் தண்ணீர்க் குளியல், 10,000 அடி நடை, சர்க்கரை கூடாது, தினம் 10 பக்கம் வாசிப்பு. ஒன்பதாவது, நெகட்டிவ் மனிதர்களை விலக்குவது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று சேனலில் சொன்னார்களாம். முதல் தடவை 17ஆம் நாளில் அறுந்தது. மறுபடி ‘நாள் ஒன்று’. இப்படி நான்கு தடவை.

இப்போது ரயிலில் காரணமில்லாமல் அழுகை வருகிறது, மாமியாரிடம் எரிந்து விழுகிறார், லெட்ஜரில் ஒரே பதிவை இரண்டு முறை போட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். “டாக்டரம்மா, ஒன்பது சின்ன விஷயத்தைக்கூடச் செய்யத் துப்பில்லாத எனக்கு மன உறுதியே கிடையாதா? இல்லை, இதுதான் டிப்ரஷனா? மாத்திரை சாப்பிட்டால் ஆபீசில் தெரிந்துவிடுமா? அதே சேனல்காரர்கள் 18,000 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் நடத்துகிறார்கள், சேரலாமா?” என்று கேட்கிறார். “வேலைக்குப் போறவங்க எல்லாருக்கும் இப்படித்தான்” என்பது கணவரின் தீர்ப்பு.

முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். மருந்து எழுதும் உரிமை எனக்கில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய இடம் எது என்பதைக் கீழே சொல்கிறேன். மற்றபடி, உங்களைவிடப் பத்து வயது மூத்தவள், இருபது வருடம் இதே லோக்கல் ரயிலில் பாஸ் வாங்கி ஏறி இறங்கியவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

ஒரு கணக்கு

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் கணவருக்குச் சாப்பாடு சுட வைத்து, கூட உட்கார்ந்து பேசி, நீங்கள் படுக்க 11.45 ஆகிறது. எழுந்திருப்பது 4.45. ஐந்து மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. அப்படியானால் தினமும் இரண்டு மணி நேரம் பற்று. மாதத்தில் பாதி நாள் இப்படி என்றால், நான்கு மாதத்தில் எத்தனை என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். தூக்கம் இவ்வளவு குறைந்தால் யாருக்கும் அழுகை முட்டும், சுள்ளென்று கோபம் வரும், லெட்ஜரில் வரி தப்பும். மன உறுதியைத் தேடி நீங்கள் எங்கெங்கோ போகிறீர்கள், உங்களுடைய முதல் பழக்கமே அதைத் தின்றுகொண்டிருக்கிறது. தியானத்தில் உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன் என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அது தியானத்தில் தோல்வி இல்லை அம்மா. கடன் பாக்கியை உடம்பு கிடைத்த இடத்தில் வசூல் செய்கிறது, அவ்வளவுதான்.

“அப்போ சாப்பாட்டைக் காஸரோலில் வைத்துவிட்டு நீங்கள் படுத்துவிடுங்கள்” என்று சொல்வது சுலபம். ஆனால் ‘அந்த அரை மணி நேரம்தான் நாங்கள் பேசுவதே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தை நான் தொட மாட்டேன். அந்த வாரங்களில் இரண்டு நாள் மட்டும் அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிடட்டும், மற்ற நாள் நீங்கள் உட்காருங்கள். மாற்ற வேண்டியது காலையைத்தான். நீங்கள் முன்பு ஏறிய எட்டேகால் ஃபாஸ்ட் ரயிலுக்கு 6.15க்கு எழுந்தால் போதும். எந்த ஷிஃப்ட் வாரமானாலும் சரி, ஞாயிறானாலும் சரி, அதே 6.15. படுக்கும் நேரம் முன்னே பின்னே போகலாம், எழும் நேரம் அசையக் கூடாது. எழுந்த கையோடு பால்கனிக் கதவைத் திறந்து பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள், துணி உலர்த்தும் வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முதல் ஷிஃப்ட் வாரங்களில் 10.30க்குப் படுத்தாலும் தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, அது படிப்படியாகச் சரியாகும்.

அதற்கு இன்னொரு காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இரவு 8 மணிக்கு ஒரு டம்ளர் காபி. குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக் காபியில் பாதி, இரவு ஒரு மணிக்கும் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். டிகாஷனைக் குறை சொல்ல எனக்கும் மனசு வராது. மதியம் 3 மணி வரை தாராளமாகக் குடியுங்கள், ராத்திரி மட்டும் வேண்டாம்.

அப்புறம் அந்த 21 நாள். 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அது வாய் மாறி வாய் மாறி ‘எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள்’ என்று ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நிஜமாகவே அளந்து பார்த்தார்கள். ஒரு செயல் தன்னியல்பாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நீங்கள் 17ஆம் நாளில் அறுந்தது என்று அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினீர்கள். ஒரு நாள் பதிவு விட்டுப்போனால் முழு வருட லெட்ஜரையா கிழித்துப் போடுவீர்கள்?

10,000 அடியும் மருத்துவர் சீட்டில் பிறந்தது இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயர் அது, ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வி.டி. ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்குப் போக 10 நிமிடம், வர 10 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நாளைக்கு 100 நிமிடம் அங்கேயே ஆயிற்று. சாயங்காலம் டோம்பிவ்லியில் ஷேர் ஆட்டோவுக்கு வரிசையில் நிற்காமல் வீடு வரை நடந்தால் இன்னொரு 20 நிமிடம், வாரத்துக்கு இன்னொரு 100. கொஞ்சம் வேகமாக நடங்கள், போதும். மழைக்காலம் வந்தால் ஆட்டோதான், அதற்கு உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

நன்றி நோட்டு சிலருக்கு உதவுகிறது. உங்களுக்கு அது ‘நன்றி சொல்லக்கூட ஒன்றும் தோன்றாத பாவி நான்’ என்று தன்னையே குத்திக்கொள்ளும் ஊசியாகிவிட்டது. மூடி வையுங்கள். எலுமிச்சை வெந்நீர் பிடித்தால் குடியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். பச்சைத் தண்ணீரும் அப்படித்தான், அதுவும் இந்த ஏப்ரலில் டேங்கில் ஏது பச்சைத் தண்ணீர்!

ஒன்பதாவது கட்டளை

உங்கள் கடிதத்தில் நான் மூன்று தடவை திரும்பிப் போய்ப் படித்தது இந்த இடத்தைத்தான். பதினோரு வருடமாக எட்டேகால் ஃபாஸ்டில் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஏழு பேர் கொண்ட ஒரு கூட்டம். மூன்று பேர் மராட்டி, ஒருவர் குஜராத்தி, ஒருவர் மலையாளி, நீங்கள், இன்னொரு தமிழ்ப் பெண். ஒருவர் இடம் பிடித்து வைப்பார், மூன்று பேர் பெஞ்சில் நெருக்கி உட்காரும் நாலாவது சீட்டில் முறை வைத்து உட்காருவீர்கள், மடியில் மேத்தி என்ற வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டே மருமகள் கதை, முதலாளி கதை, மூட்டுவலி. தசராவுக்கு முந்தின நாள் டப்பாவுக்கு மாலை போட்டுப் பேடா பங்கு வைப்பீர்கள். உங்கள் பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு ஏழு பேரும் சேர்ந்து அழுதீர்கள்.

ஜனவரியில் அவர்கள் ‘நெகட்டிவ்’ ஆகிவிட்டார்கள். புறம் பேசுகிறார்கள், புலம்புகிறார்கள் என்று நீங்கள் 7.20 வண்டிக்கு மாறி, காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு, தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டபடி வி.டி. வரை போகிறீர்கள். அழுகை தொடங்கியதும் அந்த 7.20 வண்டியில்தான் என்பதைக் கவனித்தீர்களா?

ஒன்பது கட்டளையில் எட்டைச் சேர்த்தீர்கள், ஒன்றைக் கழித்தீர்கள். எனக்குத் தெரிந்து, கழித்ததுதான் உங்களிடம் இருந்தவற்றிலேயே பெரிய மருந்து. ஒரு வழிக்கு ஒண்ணேகால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், பதினோரு வருடம். காசு கொடுத்தாலும் எந்த ஆலோசகரும் உங்களுக்கு இவ்வளவு நேரம் தர மாட்டார், நான் உட்பட. ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஓர் ஆய்வு, ஒரு தலைமுறை ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. வயதான காலத்து உடல்நலத்தையும் மனநலத்தையும் முன்கூட்டியே காட்டியவற்றில் நெருங்கிய உறவுகளுக்கு முக்கிய இடம் இருந்தது என்பது அதில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ‘நெருங்கிய உறவு’ என்றதும் நாம் வீட்டை மட்டும் நினைக்கிறோம். நம் ஊரில் அது லேடீஸ் டப்பாவிலும் இருக்கும்.

புறம் பேசுவது நல்லதா என்று கேட்பீர்கள். எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் ஒருவர் உங்கள் மாமியாரைப் பற்றித் தூண்டித் தூண்டிப் பேச வைப்பார் என்றும், இறங்கிய பிறகு குற்ற உணர்ச்சியாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு வரும்போது கீரைக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் திரும்பிவிடலாம், பதினோரு வருடப் பழக்கத்தில் அந்த அளவு சாமர்த்தியம் உங்களுக்கு இருக்கும். ஒருவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருவது வேறு, ஆறு பேரையும் சேர்த்து வெட்டுவது வேறு. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் அதற்குப் பெயர் நெகட்டிவிட்டி இல்லை. நீங்களும் இப்போது எனக்கு நான்கு பக்கம் அதைத்தான் செய்திருக்கிறீர்கள், நல்லவேளையாக.

அந்த நான்கு பக்கத்தில் மகளுக்கு ஒன்றரை வரிதான். ‘புனே போனாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது, பரவாயில்லை.’ பதினெட்டு வருடம் கூடவே இருந்த பிள்ளை போனால் வெறிச்சென்றுதான் இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டிய கோளாறாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், ஒன்பது கட்டளையும் அங்கிருந்துதான் வந்தன என்று எனக்குப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ‘சாப்டியா, படிச்சியா’ கேட்டு அவள் ‘ம்’ என்று முடிக்கிறாள் அல்லவா, நடுவாரத்தில் ஒருநாள் நீங்களே உங்கள் கதையைச் சொல்லிப் பாருங்கள். ரயிலில் யார் யாரோடு சண்டை என்பது போல. பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அலுப்பா, நோயா?

கடிதத்தை வைத்து டிப்ரஷன் என்றோ இல்லை என்றோ நான் சொன்னால் அது தப்பு. ஆனால் எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்ல முடியும். நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை, அதோடு தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் மாற்றம். இவை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அநேகமாகத் தினமும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு அழுகையும் கவனச் சிதறலும் வாரக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே ‘பழக்கத்தை மாற்றிப் பார்க்கிறேன், அப்புறம் டாக்டர்’ என்று வரிசை போடாதீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும்.

முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தாறு வருடமாகச் சைவம் என்கிறீர்கள், பி12 குறைய அதுவும் ஒரு காரணமாகலாம். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அலுப்பு, மறதி, சோகம் என்று மனநோய் வேடம் போட்டுக்கொண்டு வரும்.

இன்னொன்று. மாதவிடாய் ஆறு மாதமாகத் தாறுமாறாக வருகிறது, ராத்திரி வியர்த்து விழித்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு, ‘மும்பைப் புழுக்கம்’ என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். வியர்வை ஜனவரியிலேயே தொடங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்களே! 46 வயதில் இது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் தூக்கமும் மனநிலையும் ஆடும், அதற்கு வைத்தியம் உண்டு. மகப்பேறு டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கத் தனியார்தான் என்றில்லை. சயான் மாநகராட்சி மருத்துவமனையிலும் பரேல் கே.இ.எம்.மிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கேஸ் பேப்பர் என்ற வெளிநோயாளிச் சீட்டு எடுத்து வரிசையில் உட்கார வேண்டும், ஒரு நாள் லீவு போடுங்கள். அங்கே மராட்டியிலோ இந்தியிலோ பேச உங்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் ‘அழுகை மட்டும் தமிழில்தான் வருகிறது’ என்று எழுதியிருந்தீர்கள், ரொம்பச் சரி. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால் பயப்படாதீர்கள். மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் வேலை காட்டச் சில வாரம் ஆகும், நீங்களாக நடுவில் நிறுத்தக் கூடாது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போதோ ராத்திரியிலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறதா? பார்த்தால், அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, தள்ளிப்போட வேண்டிய விஷயமும் இல்லை. அன்றைக்கே கணவரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், 14416ஐ அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

ஆபீசுக்குத் தெரியுமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 23, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. முதலாளி போன் போட்டுக் கேட்டால் அந்த விலக்கில் அது வராது. அதே சட்டத்தின் பிரிவு 21, உட்பிரிவு 4, உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பல பாலிசிகள் வெளிநோயாளிச் செலவைத் தருவதில்லை, உங்களுடையதில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பாலிசி எடுக்கும்போது கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். மறைத்தால் பிறகு க்ளெய்ம் கேட்கும்போது சிக்கல் வரும்.

18,000 ரூபாய்

வேண்டாம். ‘லைஃப் கோச்’ என்று நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவே பதில். அந்தச் சேனலின் ஒன்பது பழக்கம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகும், அதற்குக் காரணம் நீங்கள்தான் என்று நம்ப வைத்து இருபத்தொன்று பழக்கத்தை இ.எம்.ஐ.யில் விற்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இதில் சின்னப் பங்குதான் ஆகும்.

மே 1 மகாராஷ்டிர தினம், லீவு, அன்றிலிருந்து மறுபடி ‘நாள் ஒன்று’ தொடங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் தாளைக் கிழித்துவிட்டு, வருகிற திங்கட்கிழமையே எட்டேகால் வண்டிக்குப் போங்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டு மேத்தி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு மாதம் எங்கே போனாய் என்று ஆறு பேரும் பிடித்துக்கொள்வார்கள், கையில் கீரை இருந்தால் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொல்லலாம்.